ஹைதராபாத்: காவல்துறையும் திருநங்கையர் சமூகமும்

ஹைதராபாத் நகரத்தின் வடகிழக்கே, ரயில்வே குடியிருப்புகளுக்கு அப்பால் தனித்தெழுந்து நிற்கும் பாறைக் குன்றாகிய மௌலா அலி, தன் பிரசித்திக்கு ஓர் அரண்மனை ஊழியரின் சொப்பனத்தையே மூலமாகக் கொண்டது. 1578-ஆம் ஆண்டில், இப்ராஹிம் குதுப் ஷாவின் ஆட்சிக் காலத்தில், ஆண்மை நீக்கப்பெற்ற அரண்மனைப் பணியாளர்களுள் ஒருவரான யாகூத் என்பவர் நோயுற்று லாலாகூடாவில் தங்கியிருந்தபோது, பச்சை உடை தரித்த ஒருவர் கனவில் தோன்றி அவரை அழைத்துச் சென்றதாகவும், குன்றின் உச்சியில் ஹஜரத் அலி கல்லொன்றின்மீது கையூன்றி அமர்ந்திருக்கக் கண்டதாகவும், விழித்தபின் சென்று பார்க்கையில் அக்கல்லில் கைச்சுவடு பதிந்திருந்ததாகவும் ஐதிகம். அந்தக் கல்லை வைத்துப் போற்றும் தர்காவில் ரஜப் மாதம் பதினேழாம் நாளை ஒட்டி இன்றும் உற்சவம் நடைபெறுகிறது. யாகூத்தைப் போன்றோர் சுல்தான்களின் அந்தப்புரங்களில் காவலும் நிர்வாகமும் ஏற்று, சந்தேகத்துக்கு இடமில்லாத விசுவாசிகளாகக் கருதப்பட்டவர்கள். அதே தக்காணத்தில் சுமார் மூன்றரை நூற்றாண்டு கழித்து, அவர்களையும் ஹிஜ்ராக்களையும் ஒரே பெயருக்குள் அடக்கி, அவர்தம் பெயர்களையெல்லாம் போலீஸ் பதிவேட்டில் ஏற்றும் காலம் வந்தது.

ஃபஸலி 1329-இல், அதாவது 1919-ஐ ஒட்டி, நிஜாம் சமஸ்தானம் இயற்றிய சட்டம், ஆங்கில அரசாங்கம் 1871-இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை அடியொற்றியது. சிறுவர்களைக் கடத்துபவர்கள் என்றோ, இயற்கைக்கு மாறான குற்றம் புரிபவர்கள் என்றோ சந்தேகிக்கப்பட்டவர்களின் பெயரும் விலாசமும் ஏட்டில் பதியப்பட்டன. அங்ஙனம் பதியப்பட்ட ஒருவர் பெண்ணுடையிலோ நகையணிந்தோ தெருவில் காணப்பட்டாலும், வீதியிலிருப்போர் கண்ணில் படவேண்டுமென்றே ஓரிடத்தில் நின்றாலும், பொது இடத்தில் ஆடினாலும் பாடினாலும், வாரண்டு இன்றிக் கைது செய்து இரண்டாண்டு வரை சிறையிலிடலாம். குழந்தை பிறந்த வீட்டுக்குச் சென்று வாழ்த்திப் பாடிப் ‘பதாய்’ பெறுவதே ஜீவனோபாயமாயிருந்த ஒரு கூட்டத்துக்கு இது தொழிலையே குற்றமாக்கியதற்குச் சமம். சமஸ்தானம் மறைந்த பின்னும், மொழிவாரி மாநிலம் அமைந்த பின்னும், தெலங்கானா பிரிந்த பின்னும் இச்சட்டம் ஏட்டிலேயே இருந்தது விந்தைதான். வைஜயந்தி வசந்தா மோக்லி முதலியோர் தொடுத்த வழக்கில், தெலங்கானா உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி உஜ்ஜல் புயான், நீதிபதி சி.வி. பாஸ்கர் ரெட்டி ஆகியோர் 2023 ஜூலையில் அதனைச் செல்லாதென்று தீர்த்தனர். கல்வி நிறுவனங்களிலும் அரசுப் பணியிலும் இடஒதுக்கீட்டுக்கும், ஆசரா ஓய்வூதியத்துக்கும் வழிசெய்யுமாறு அரசாங்கத்தைப் பணித்தனர்.

சட்டம் நீங்குவதற்கு முன்னரே போலீஸார் தரப்பில் சில முயற்சிகள் தொடங்கிவிட்டன என்பதையும் சொல்லவேண்டும். 2021 மார்ச்சில், வி.சி. சஜ்ஜனார் ஆணையராயிருந்த சைபராபாத் காவல்துறை, கச்சிபௌலி காவல் நிலையத்தில் திருநர்களுக்கென்று ஓர் உதவி மேஜையை நிறுவியது. காவல் அதிகாரி ஒருவரோடு, திருநர் ஒருவரே ஒருங்கிணைப்பாளராக அங்கே பொறுப்பேற்கிறார். அடிபட்டு வந்த ஒருவர், தம்மைப் பற்றி ஆதியோடந்தமாக விளக்க நேராமல், அடித்தவனைப் பற்றி மட்டும் சொல்லத் தொடங்கலாம். இந்த ஏற்பாட்டின் பெறுமதி முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம். 2020-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் ஒவ்வொரு மாநிலத்திலும் காவல்துறைத் தலைவரின் கீழும், மாவட்டந்தோறும் ஆட்சியரின் கீழும் பாதுகாப்புப் பிரிவு வேண்டுமென்று கூறியிருக்க, தெலங்கானாவில் பெண்கள் பாதுகாப்புப் பிரிவைச் சார்ந்து 2022-இல் அத்தகையதோர் அமைப்பு தோன்றியது. ஆயினும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் திருநர்மீது நடத்தப்படும் வன்கொடுமைக்கு, அது பாலியல் கொடுமையாயினும், விதிக்கும் உச்சத் தண்டனை இரண்டே ஆண்டு. பழைய சட்டம் பதிவேட்டில் உள்ளவர் புடவை உடுத்தியதற்கு விதித்த அளவே அதுவும். புகார் கொடுப்பதால் என்ன பயன் என்று திருநங்கையர் ஜமாத்துகளில் மூத்தவர்கள் கேட்டால், அதை வீண் அவநம்பிக்கை என்று தள்ளிவிட இயலாது.

2024 டிசம்பரில் ஹைதராபாத் நகரக் காவல்துறை, கோஷாமஹல் மைதானத்தில் உடற்தகுதித் தேர்வு நடத்தித் திருநங்கையரையும் திருநம்பியரையும் போக்குவரத்து உதவியாளர்களாகத் தேர்ந்தெடுத்து, பயிற்சி முடித்த முப்பத்தொன்பது பேரைப் பணியில் அமர்த்தியது. ஊர்க்காவல் படையினருக்கு ஒப்பான ஊதியம் அவர்களுக்கு நிர்ணயிக்கப்பட்டது. திருநங்கையர் கைநீட்டிக் காசு கேட்பதைக் கண்டு பழகிய சிக்னல்களில், அவர்களுள் ஒருவர் சீருடையோடு கைகாட்டி வண்டிகளை நிறுத்துகிறார். வெளிநாடொன்றில் காவல்துறைக்கும் இத்தகைய சமூகத்துக்கும் உள்ள உறவு வேறு வழியில் தொடங்கிற்று: சான்பிரான்சிஸ்கோ காவல்துறை 1962-இல் எலியட் பிளாக்ஸ்டோன் என்ற அதிகாரியைத் தன்பாலினச் சமூகத்தின் தொடர்பாளராக நியமித்தது, தன்னவர் ஒருவரை அச்சமூகத்துக்கு அனுப்பியதே அம்முறை. தமிழ்நாட்டிலோ, நீதிமன்ற உத்தரவின் பலனாக, திருநங்கையான பிரித்திகா யாஷினி 2017-இல் சப்-இன்ஸ்பெக்டராகப் பதவியேற்றார்.

மேற்கூறியவை யாவும் பெரும்பாலும் திருநரைப் பற்றியவை. தன்பாலீர்ப்புள்ள ஆண்களும் பெண்களும் உருவத்தால் அடையாளப்படாதவர்களாதலால், அவர்களுக்கு நேரும் மிரட்டல்களும் பணப்பறிப்பும் காவல் நிலையத்தின் வாசலை எட்டுவதே அரிது. எட்டினாலும், புகார் செய்வதற்கே தம் அந்தரங்கத்தை வெளியிட வேண்டியிருக்கிறது. இவ்விஷயத்தில் குறிப்பிடத்தக்கது சென்னை உயர்நீதிமன்றத்து வழக்கொன்று. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்து வாழ்ந்த இரு பெண்களைக் காணவில்லையென்று பெற்றோர் புகார் கொடுக்க, போலீஸார் அவர்கள் தங்கியிருந்த இடத்துக்கே வந்து விசாரித்தமையால் எழுந்தது அது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7-இல், இத்தகைய இணையர் மனமொத்த வயதுவந்தோர் என்று தெரிந்தவுடன் போலீஸார் அப்புகாரை முடித்துவிட வேண்டுமென்று பணித்தார். அதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டுக் காவல் சார்நிலை அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற புதிய விதி 2022-இல் சேர்க்கப்பட்டு, பால்புதுமையினரையும் அவர்களின் நலனுக்காக உழைப்போரையும் துன்புறுத்தலாகாது என்பது காவலரின் நடத்தை விதியாயிற்று.