கிறித்தவக் கல்லூரி மாணவர் மன்றங்கள்

திருச்சபைகள் தொடங்கி நடத்தும் கல்லூரிகளில் பாடவேளைக்கு வெளியே மாணவர்கள் கூடி நடத்தும் அமைப்புகள் இப்பெயரால் சுட்டப்படுகின்றன. துறை சார்ந்த கல்வி மன்றங்கள் ஒரு வகை. ஊருக்கு உழைக்கும் தொண்டு அமைப்புகள் இன்னொரு வகை. ஜெபக் குழுக்கள் இவற்றுக்குப் பக்கத்தில் தனியே இயங்கும். கல்வி மன்றத்தைப் பேச்சில் எல்லோரும் ‘அசோசியேஷன்’ என்றுதான் சொல்வார்கள். அழைப்பிதழில் மட்டும் அது பேரவையாகவோ மன்றமாகவோ மாறும். இக்கட்டுரை தமிழ்நாட்டையும் யாழ்ப்பாணத்தையும் பற்றியது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1837இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. 1862இல் அங்கு வந்த வில்லியம் மில்லர் 1907 வரை அதன் உயிர்நாடியாக இருந்தார். எத்தனை பேர் மதம் மாறினார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பது கல்லூரியின் வேலை அன்று, கருத்துகள் சமூகத்தில் மெல்லக் கரைந்து பரவினால் போதும் என்பது அவர் கொள்கை. திருச்சபைக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது. ஆனால் மன்றங்களின் போக்கைத் தீர்மானித்தது இந்தக் கொள்கைதான். மாணவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். விவாத மேடையில் ஏறியவர்களும் அவர்களே. 1883இல் தொடங்கிய கல்லூரி இதழ் வெறும் ஆண்டு மலராக இல்லாமல் கல்லூரிக்கு வெளியிலும் படிக்கப்பட்டது. அக்கல்லூரியில் படித்து, அங்கேயே தமிழ் கற்பித்த பரிதிமாற்கலைஞர், உடன் பணியாற்றிய மு.சி. பூரணலிங்கம் பிள்ளையுடன் சேர்ந்து 1897இல் ‘ஞானபோதினி’ இதழை நடத்தினார். ஆங்கிலப் பேச்சுக்கே கைதட்டல் விழுந்த காலத்தில் தமிழுக்கு இப்படியும் ஓர் இடம் கிடைத்தது.

1937இல் கல்லூரி சென்னையின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துப் புதர்க்காட்டுக்கு இடம் பெயர்ந்தது. சேலையூர், தாமஸ், ஹீபர் ஆகிய மூன்று விடுதிகளையும் மாணவர்கள் ‘ஹால்’ என்பார்களே தவிர ‘ஹாஸ்டல்’ என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஒவ்வொரு ஹாலும் தனித் தேர்தலும் தனிப் பெருமையும் கொண்ட குட்டிக் குடியரசு. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் அந்த வளாகத்தில் மரங்களை நட்டு வளர்த்தார். புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி கோலங்களின் கணிதத்தையும் சிந்துவெளி எழுத்தையும் ஆராய்ந்ததோடு வளாகத்துப் பறவைகளையும் கவனித்து எழுதினார். புள்ளிமான் திரியும் காட்டுக்குள் கல்லூரி இருப்பதால் இயற்கை ஆர்வலர் சங்கத்துக்கு அந்தப் புதர்க்காட்டின் பெயரையே வைத்து ‘ஸ்க்ரப் சொசைட்டி’ என்றார்கள். தாவரவியலோ விலங்கியலோ படித்தால்தான் அதில் சேரலாம் என்பதில்லை.

துறை மன்றம் நடக்கும் விதம் எந்தக் கல்லூரியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். துறைத் தலைவர் பதவி வழித் தலைவர். இறுதியாண்டு மாணவர் ஒருவர் செயலாளர். செலவுக்கான பணம் சேர்க்கைக் கட்டணத்தோடு சேர்ந்தே வந்துவிடும். தொடக்க விழா அன்று காலை பேனர் வந்ததா, குத்துவிளக்குக்குத் திரி இருக்கிறதா என்று செயலாளர் ஓடிக்கொண்டிருப்பார். ஜெபம், தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, சிறப்புரை, நன்றியுரை, நாட்டுப்பண். பின்வரிசை மாணவர் காத்திருப்பது சமோசாவுக்கும் தேநீருக்கும். ஆனாலும் ஒலிபெருக்கி முன் முதன்முறை நின்று, கையிலுள்ள தாள் நடுங்க நன்றியுரை வாசித்த கிராமத்துப் பிள்ளைக்கு அந்த மூன்று நிமிடம் ஒரு பருவத்துப் பாடத்தைவிடப் பெரிது.

தொண்டு அமைப்புகளின் பழைய வேர்களில் ஒன்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. அமெரிக்க மிஷனின் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் 1884இல் ஆசிரியர் ஃபிராங்க் சாண்டர்ஸ் முயற்சியால் மாணவர் ஒய்.எம்.சி.ஏ. தொடங்கியது. ஆசியாவின் முதல் மாணவர் ஒய்.எம்.சி.ஏ. என்று அதைச் சொல்வார்கள். பாட்டும் ஜெபமும் மட்டும் அதன் வேலையாக இருக்கவில்லை. எழுவைதீவு என்ற சின்னத் தீவில் ஒரு பள்ளியையும் அது நடத்தியது. கத்தோலிக்கர் பக்கத்தில், 1924இல் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயேசு சபைத் துறவி கார்ட்டி தொடங்கிய மாணவர் அமைப்பு, பின்னர் ‘ஐகஃப்’ என்ற அனைத்திந்திய இயக்கமாயிற்று. தாம்பரத்தில் கிராமச் சேவைச் சங்கம் சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்குப் போனது.

1969 செப்டம்பர் 24இல் நடுவண் அரசு 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கியதும் நிலைமை மாறியது. அதுவரை கல்லூரியின் சொந்த விருப்பமாக இருந்த தொண்டுக்கு அரசு நிதியும் பதிவேடும் வந்தன. ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகள் உழைக்க வேண்டும். ஏழு நாள் முகாம் ஒன்றில் தங்க வேண்டும். முகாமென்றால் ஊராட்சிப் பள்ளியின் வகுப்பறைதான் படுக்கை. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டால் கட்டில். பகலில் சீமைக்கருவேலம் வெட்டுவதும் வாய்க்கால் தூர்வாருவதும். மாலையில் கோயில் திடலில் நாடகம். ஃபாதரோ பாஸ்டரோ முதல்வராக இருக்கும் கல்லூரியின் பிள்ளைகள் அம்மன் கோயில் குளத்தைத் துப்புரவு செய்வதில் ஊருக்கும் வியப்பில்லை, பிள்ளைகளுக்கும் வியப்பில்லை.

1978இல் தன்னாட்சி பெற்ற முதல் கல்லூரிகளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் லயோலாவும் புனித வளனார் கல்லூரியும் அடங்கும். பாடத்திட்டத்தைத் தாமே வகுக்கும் உரிமை கிடைத்ததால் இத்தகைய கல்லூரிகளில் ஊர்ப்பணி பாடத்திட்டத்துக்குள் நுழைந்தது. இன்று தமிழ்நாட்டுப் பட்டப்படிப்புகளில் பகுதி ஐந்து என்ற பெயரில் விரிவாக்கப் பணிக்கு மதிப்பலகு உண்டு. இதில் நன்மையும் உண்டு, இழப்பும் உண்டு. தானாகப் பெயர் கொடுத்திராத மாணவரும் ஒரு முறையாவது சேரிக்கும் குப்பத்துக்கும் போய்வருகிறார். ஆனால் வருகைப்பதிவு எடுத்ததும் பாதிப் பேர் பேருந்தைத் தேடும் தொண்டு, பழைய தொண்டு அன்று. இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், செஞ்சுருள் சங்கம், குடிமக்கள் நுகர்வோர் மன்றம், ரோட்டராக்ட் எனப் பலகைகள் பெருகியதில் இன்னொரு சங்கடம்: எல்லாக் குழுப் படங்களிலும் அதே இருபது முகங்கள். மன்றங்களின் எண்ணிக்கையைக் குறைத்தாலே வேலை கூடும்.

சுணங்காமல் நடப்பது இரத்த தானம். 18 வயது, 45 கிலோ எடை, ஒரு முறைக்கு 350 மி.லி.; ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். முகாம் நாளில் வரிசை நீளும். அன்று எடை குறைவென்று திருப்பி அனுப்பப்படும் பெண் பிள்ளைகளின் ஏமாற்றத்தை எந்த அறிக்கையும் எழுதுவதில்லை.

அறிக்கைகள் அச்சாகும் இடம் கல்லூரி மலர். செயலாளர்களின் பெயர்கள், பேச வந்தவர்கள், போன ஊர்கள், எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பழைய மலர்கள் பரணில் கிடந்தால், எடைக்குப் போடுமுன் கல்லூரி நூலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.