இறவாமை வேண்டற்பாலதோ?

திருநெல்வேலியினின்று சங்கரநயினார்கோயில் செல்லும் வழியிலே பனவடலிசத்திரம் என்னும் ஊர் உளது. வடலியென்பது இளம்பனை, சத்திரமென்பது வழிச்செல்வோர் தங்கிச் செல்லுமிடம். அவ்வழியே சென்றடையும் சங்கரநயினார்கோயிலிலே பாம்பாட்டிச் சித்தர் சமாதியென அன்பர் வழிபடுவதோரிடம் உண்டு. மருதமலையாரும் விருத்தாசலத்தாரும் அச்சித்தரைத் தம்மூரினர் என்பர். காயசித்தி பெற்றார் இறவார் என்பது பலர் கொள்கை. இறவாமை கூடுமோ? கூடின், வேண்டற்பாலதோ?

பத்தாந் திருமுறையாகிய திருமந்திரம் முதற்றந்திரத்தில் யாக்கை நிலையாமை கூறும். மூன்றாந் தந்திரத்திலோ காயசித்தியுபாயம் கூறும். இவை தம்முள் மாறுகொள்ளுமென மயங்குவாரும் உளர். அம்மயக்கம் தீர்ப்பது திருமூலர் வரலாறே. சேக்கிழார் அருளியவாறு, சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் இறப்ப, ஆனிரையின் துயர் பொறாத சிவயோகியார் அவ்வுடலிற் புகுந்தனர். பின்னர்த் தம் பழைய உடலைக் காணாராய், திருவாவடுதுறையில் யோகத்தமர்ந்து, ஆகமப்பொருளைத் தமிழிற் கூறுதற்பொருட்டு 3000 ஆண்டு இருந்து, அது முடிந்தபின் கயிலை சேர்ந்தனர். நெடிதிருந்த அவரும் இருந்தது இரவலுடம்பில். இருந்ததும் உலகுக்கு உபகாரமாக.

13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களால் நிறுவிய சித்தாந்தத்தின்படி, உயிர் அநாதிநித்தியம். ஆகலின் இறவாமையை அது புதிதாகப் பெறவேண்டுவதின்று, பெறவேண்டுவது மலநீக்கமே. உடம்பு அதற்கென இறைவன் தந்த கருவி. மலம் நீங்காது உடம்புமட்டும் என்றும் நிற்குமாயின், கட்டே நீளும்.

சத்திரத்தை இடியவிடுதல் அறிவன்று; அதனையே வீடெனக் கொள்ளுதலும் அறிவன்று.