முகம் மாறாது, விலை மாறும்

ஆள்வோர் தம் முகத்தை அஞ்சல் தலையிலே அச்சிட்டனர். ஏழை எளியோர் பார்த்ததோ முகத்தையன்று. அதனடியில் இருந்த விலையைத்தான்!

1854-க்கு முன், தொலைவுக்கேற்பக் கடிதக் கட்டணம் ஏறியது. பிழைப்புத் தேடி நெடுந்தொலைவு சென்ற மகனுக்கு மடல் விடுப்பது செல்வர்க்கே எளிது. அவ்வாண்டு அக்டோபரில், கால் தோலாக் கடிதம் நாட்டில் எங்கு சென்றாலும் அரையணா என்றாயிற்று. குத்தாலத்தார் கும்பகோணத்துக்கு எழுதினாலும் அரையணா, கல்கத்தாவுக்கு எழுதினாலும் அரையணா! விக்டோரியா அரசியின் முகம் தாங்கிய தலையில் அரையணாவுக்கு நீலம், ஓரணாவுக்குச் சிவப்பு. எழுத்தறியாதவரும் நிறத்தால் விலையறியலாம். எழுத்தை அவர்க்கு மறுத்தவர் எவர் என்பது வேறு கதை.

முதல் உலகப் போருக்குப் பின் அரசின் கருவூலம் வறண்டது. 1921-இல் ஓரணாத் தலைமீது 'ஒன்பது பை' என ஆங்கிலத்தில் கறுப்பு மையால் அச்சிட்டனர். அவசரத்தில் சிலவற்றில் 'ஒன்பது ஒன்பது' என்றே விழுந்துவிட்டது. அந்தப் பிழைக்கு இன்று தலை சேகரிப்போரிடையே தனி மதிப்பு! மறு ஆண்டே அஞ்சலட்டை காலணாவிலிருந்து அரையணா. கடிதம் அரையணாவிலிருந்து ஓரணா. மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் முகத்தில் மாற்றமில்லை. விலை இரட்டித்தது, நாற்று நட்டவளின் கூலி இரட்டித்ததா?

1957 ஏப்ரல் முதல் நாள் தசம நாணயம் வந்தது. முகத்துக்கு மாற்றாக இந்திய நிலப்படம். எல்லா விலைக்கும் ஒரே வடிவம், எண்ணும் நிறமுமே வேறு. இரண்டணாவுக்குக் கணக்குப்படி பன்னிரண்டரை நயா பைசா. அரைப் பைசாவுக்கு நாணயம் ஏது? 13 நயா பைசாத் தலை பிறந்தது. அந்த அரைப் பைசா மக்கள் மடியிலிருந்தே போயிற்று.

1971-இல் கிழக்கு வங்க அகதிகளுக்காக, நவம்பர் 15 முதல் பெரும்பாலான அஞ்சல்களுக்கு ஐந்து பைசா கூடுதல் வரி. புதுத்தலை அச்சாகும்வரை பொறுக்கவியலவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டை விளக்கிய ஐந்து பைசாத் தலையை எடுத்து, அதன்மேல் 'அகதிகள் துயர்நீக்கம்' என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொற்களைப் பொறித்தனர். பல ஊர்களில் ரப்பர் முத்திரையே போதுமானதாயிற்று. டிசம்பர் முதல் நாள் தனித்தலை வந்தது. 1973 மார்ச் இறுதிவரை வரி நீடித்தது. வங்கத்து ஏதிலிக்குத் தஞ்சை உழவனும் ஐந்து பைசா தந்தான். இந்த ஏற்றத்தை நாம் குறை கூறோம்.

நம்மவர் முகங்களும் தலையேறின. 1960-இல் வள்ளுவர், 15 நயா பைசா. 1970-இல் அண்ணா, 20 பைசா. 1978-இல் பெரியார், 25 பைசா. 2009-இல் நூற்றாண்டை ஒட்டி மீண்டும் அண்ணா வந்தார். விலை 5 ரூபாய். அதே முகம், முப்பத்தொன்பது ஆண்டில் இருபத்தைந்து மடங்கு!