தென்வானில் எட்டுப் பாகை

1837ஆம் ஆண்டு சுவாதித் திருநாள் மன்னரின் ஆதரவில் திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வகம் எழுந்தது. ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். நிலநடுக்கோட்டுக்கு எட்டரைப் பாகை வடக்கே அமைந்த அந்நகருக்கு, ஐரோப்பிய வானாய்வகங்கள் காண இயலாத தென்வானம் திறந்திருந்தது. தென்னிந்தியாவுக்கு வாய்த்த இந்த இயற்கைச் சலுகையின் பெறுமதியை, நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து ஒரு விண்மீனின் சாவு உணர்த்தியது.

1987 பிப்ரவரி 24 அன்று சிலி நாட்டின் லாஸ் கம்பானாஸில் இயன் ஷெல்டன், பெரிய மெகல்லன் மேகத்தில் அதுவரை இல்லாத ஓர் ஒளிப்புள்ளியைக் கண்டார். ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டுத் தொலைவில் நீல மீப்பெரு விண்மீன் ஒன்று வெடித்திருந்தது. 1604ஆம் ஆண்டின் கெப்ளர் சூப்பர்நோவாவுக்குப் பின் இத்துணை அருகில், வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த சூப்பர்நோவா வேறில்லை. அதற்கு 1987ஏ என்று பெயரிட்டனர்.

தில்லிக்கும் நைனித்தாலுக்கும் அது தொடுவானத்தின் கீழேயே கிடந்தது. திருவனந்தபுரத்தில் அதன் உச்ச உயரம் 12 பாகை. ஜவ்வாது மலையின் காவலூரில் எட்டுப் பாகையே. அவ்வளவு தாழ்வாக வரும் ஒளி, தலைக்கு மேலிருந்து வரும் ஒளியைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு காற்றைக் கடந்தாக வேண்டும். வழியிலேயே நீல ஒளி பெரும்பாலும் சிதறிவிடும். இந்த இடர்ப்பாட்டுக்கு நடுவிலும் காவலூரில் அதன் நிறமாலை பதிவாயிற்று. அசோகா, அனுபமா, பிரபு உள்ளிட்டோர் அவ்வாண்டிலேயே முடிவுகளை வெளியிட்டனர்.

நிறமாலை ஆய்வே பின்னர்த் தூசியையும் காட்டிக்கொடுத்தது. வெடித்துச் சிதறிய பொருளில் நம்மை நோக்கி வரும் பகுதியின் ஒளி நீலப் பக்கமும், விலகிச் செல்லும் பகுதியின் ஒளி சிவப்புப் பக்கமும் நகரும். வெடிப்புக்கு ஏறத்தாழ 500 நாள்களுக்குப் பின் நிறமாலைக் கோடுகளின் சிவப்புப் பக்கம் மங்கியது. நடுவில் உருவான தூசி அப்பாலுள்ள ஒளியை மறைத்தது என்று லூசி, டான்சிகர் முதலியோர் விளக்கினர். 2011இல் ஹெர்ஷெல் விண்வெளித் தொலைநோக்கியின் முடிவுகள் அத்தூசியின் நிறையை ஏறக்குறைய அரைச் சூரிய நிறை எனக் கணித்தன. முன்னர் மதிப்பிட்டதைவிட அது மிகமிக அதிகம். 2014இல் ஆல்மா தொலைநோக்கி, அத்தூசி எச்சத்தின் நடுவிலேயே இருப்பதை உறுதிசெய்தது.

'நோவா' என்னும் லத்தீன் சொல்லுக்குப் 'புதியது' என்று பொருள். சாகும் விண்மீனுக்கு அது பொருந்தாப் பெயராகவே தோன்றும். ஆயினும் புவி போன்ற பாறைக் கோள்கள் இத்தகைய தூசியிலிருந்தே திரள்கின்றன. அவ்வகையில் அப்பெயர் முற்றிலும் பிழையன்று.