தோட்டப் பாட்டும் நூற்பட்டியலும்

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள ரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய தமிழர், பிறந்த ஊரின் தாலாட்டையும் கும்மியையும் ஒப்பாரியையும் கொண்டுவந்ததோடு, புதிய வேலையின் சொற்களையும் அவற்றில் ஏற்றிப் பாடினர். ஒப்பந்தக் கூலிமுறையைக் குறிக்க மலாயிலிருந்து வந்த ‘சஞ்சி’, விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் ‘பெரட்டு’, வரிசை வீடுகளான ‘லயம்’, மரத்தின் வெட்டுக்கோட்டில் உறைந்து படியும் ‘ஒட்டுப்பால்’, இருபுறமும் பால்வாளி தொங்கத் தோளில் சுமக்கும் ‘காண்டா’க் கம்பு ஆகியவற்றை அறியாதவருக்கு அப்பாடல்களின் பாதிப் பொருள் விளங்காது. ஒப்பந்தமுறை 1910இல் முடிவுற்ற பின்னும் கங்காணிகள் ஊருக்குச் சென்று ஆள் திரட்டியதால், 1938இல் இந்திய அரசு அவ்வகைக் குடியேற்றத்தைத் தடைசெய்யும் வரை, ஊர்ப்பாட்டும் தோட்டச் சொல்லும் ஓயாமல் கலந்துகொண்டிருந்தன.

வாய்வழி வழங்கிய இவ்வழக்காறுகள் மிகத் தாமதமாகவே நூலேறின. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இரா. தண்டாயுதம் மலேசிய நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தார். முத்தம்மாள் பழனிசாமி தாம் கேட்டு வளர்ந்த பாடல்களை ‘நாட்டுப்புறப் பாடலில் என் பயணம்’ என்னும் நூலாக்கினார். கிள்ளானைச் சேர்ந்த முரசு நெடுமாறன் 1997இல் மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தை வெளிக்கொணர்ந்தார். ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன்பே, 1969இல், இராம சுப்பையா தொகுத்து மலாயாப் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்ட ‘தமிழ் மலேசியானா’ என்னும் பட்டியலையே இத்துறையின் அடித்தளமாகக் கொள்ள வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அச்சான தமிழ் நூல்களும் இதழ்களும் எவையெவை என அறிய அது வழிவகுத்தது. முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966இல் கோலாலம்பூரில் கூடியபோது தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் ஊட்டிய ஆய்வு ஊக்கத்தின் சூழலிலேயே அப்பணியும் உருவாயிற்று.

எனினும், நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு ஆகியவற்றை மட்டும் காட்டும் பட்டியல், நூலுக்குள் இருக்கும் பாடலைக் காட்டுவதில்லை. தலைப்பிலேயே ‘நாட்டுப்புறப் பாடல்’ என்றிருக்கும் நூல் எளிதில் அகப்படும்; கோயில் குடமுழுக்கு மலரிலோ பள்ளி ஆண்டு மலரிலோ ஒரு மூலையில் அச்சான தோட்டத்து ஒப்பாரி அகப்படாது. பெயர்களை ரோமன் எழுத்தில் வெவ்வேறு விதமாகப் பெயர்த்தெழுதும் வழக்கம் தேடுவோரின் இடரை இன்னும் பெருக்குகிறது.

இதற்குத் தீர்வு சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும். 1982இல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் தமிழ்நாட்டின் கரிசல் வட்டாரத்துக்கு அகராதி செய்ததுபோல, மலேசியத் தோட்டச் சொற்களுக்கும் ஓர் அகராதி அமைத்து, ஒவ்வொரு சொல்லும் எந்த நூலின் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று குறித்து, தமிழ் எழுத்திலேயே தேடும் வகையில் நூலகப் பட்டியலோடு இணைத்தல் வேண்டும். பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டமையால், பெரட்டுக் களத்தில் நின்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே சொற்பொருளை அவர்களிடம் கேட்டு உறுதிசெய்தல் இன்றியமையாதது. ரயில்வே தொழிலாளர் குடியிருப்புகளால் வளர்ந்த கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலும், தோட்டங்கள் சூழ்ந்திருந்த கிள்ளானிலும் பழைய மலர்களையும் பாட்டுப் புத்தகங்களையும் வீட்டில் வைத்திருப்போர், அவற்றைப் பழைய தாளோடு எடைக்குப் போடாமல், ஒரு படியையேனும் நூலகத்தில் சேர்ப்பிக்க வேண்டும்.