பகைவரிடம் அன்பு (கிறித்தவம்)

பகைவரிடம் அன்பு என்பது கிறித்தவ அறநெறியின் முதன்மையான படிப்பினைகளுள் ஒன்று ஆகும். தமக்குத் தீங்கு செய்தவருக்கும் நன்மை செய்தல், அவருக்காக இறைவனிடம் வேண்டுதல், பழிவாங்குதலைக் கைவிடுதல் ஆகியன இதன் கூறுகள். இயேசுவின் மலைப்பொழிவில் (மத்தேயு 5:38-48) இப்படிப்பினை இடம்பெறுகிறது. இதற்கு இணையான பகுதி லூக்கா நற்செய்தியிலும் (6:27-36) உள்ளது. பகையும் தீங்கும் உண்மையானவை என ஏற்றுக்கொண்டு, நம்பிக்கை கொண்டோர் அவற்றுக்கு எவ்வாறு மறுமொழி தரவேண்டும் என்பதையே இது கூறுகிறது. தீமையை எதிர்ப்பதும் தீமை செய்தவரிடம் அன்பு கொள்வதும் எவ்வாறு ஒன்றுசேரும் என்னும் கேள்வி திருச்சபை வரலாறு முழுவதும் விவாதிக்கப்பட்டு வந்துள்ளது.

சொற்பொருள்

கிரேக்க மூலத்தில் பகைவரைக் குறிக்க எக்த்ரோஸ் என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. இது தனிப்பட்ட எதிரி, நாட்டுப் பகைவர் ஆகிய இருவரையும் குறிக்கக்கூடியது. அன்பு செய்தலைக் குறிக்கும் சொல் அகபாவோ என்பதாகும். இங்கு அது உள்ளத்தில் எழும் பாசத்தைவிட, மற்றவரின் நலனை நாடும் செயலையே சுட்டுவதாக இறையியலாளர் பலர் விளக்குவர். லூக்கா நற்செய்தியில் இச்சொல்லை அடுத்து நன்மை செய்தல், ஆசி கூறுதல், இறைவேண்டல் செய்தல் என மூன்று செயல்கள் வரிசையாக வருவது இதற்குச் சான்றாகும்.

சீர்திருத்தத் திருச்சபையினரின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு சத்துரு, சிநேகித்தல் என்னும் சொற்களைப் பயன்படுத்துகிறது. 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் பகைவர், அன்பு என்னும் சொற்கள் உள்ளன.

பழைய ஏற்பாட்டுப் பின்னணி

பகைவரை வெறுக்க வேண்டும் என்னும் கட்டளை பழைய ஏற்பாட்டுச் சட்டங்களில் இல்லை. மாறாக, பகைவரின் மாடோ கழுதையோ வழிதவறித் திரிவதைக் கண்டால் அதனை உரியவரிடம் சேர்க்கவேண்டும் என விடுதலைப் பயணம் (23:4-5) பணிக்கிறது. பசித்திருக்கும் பகைவருக்கு உணவு தருமாறு நீதிமொழிகள் நூல் (25:21-22) அறிவுறுத்துகிறது. எனினும் 109, 137 ஆம் திருப்பாடல்கள் போன்றவற்றில் பகைவர்மீது கடுஞ்சாபங்கள் உள்ளன. பாதிக்கப்பட்டோர் தம் கோபத்தை மறைக்காமல் கடவுள் முன் வைத்து, தண்டிக்கும் உரிமையை அவரிடமே ஒப்படைப்பதாக இவற்றைப் பலர் விளக்குகின்றனர்.

சாக்கடல் சுருள்களுள் ஒன்றான கும்ரான் குழுமத்தின் ஒழுங்கு நூல், இருளின் மக்களை வெறுக்குமாறு தன் உறுப்பினருக்குக் கூறுகிறது. இயேசுவின் காலத்தையொட்டி இத்தகைய கருத்தும் நிலவியதை இது காட்டுகிறது.

புதிய ஏற்பாட்டில்

கடவுள் நல்லோர், தீயோர் இருவருக்கும் கதிரவனையும் மழையையும் தருவதால், அவருடைய மக்களும் அவ்வாறே நடக்க வேண்டும் என்பது இயேசு கூறும் காரணம். மனிதர் கடவுளுக்குப் பகைவராய் இருந்தபோதே அவர் அவர்களைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்று பவுல் (உரோமையர் 5:10) எழுதுகிறார். ஆகவே கிறித்தவர் தம்மையும் ஒரு காலத்தில் பகைவராய் இருந்து மன்னிப்புப் பெற்றவராகவே காண்கின்றனர்.

பகைவருக்கு உணவு தருவது அவர் தலைமேல் நெருப்புத் தணலைக் குவிப்பதாகும் என்னும் நீதிமொழியைப் பவுல் (உரோமையர் 12:20) எடுத்தாள்கிறார். இத்தணல் பகைவரின் உள்ளத்தில் எழும் வெட்கத்தையும் மனமாற்றத்தையும் குறிப்பதாக அகுஸ்தீன் விளக்கினார். தம்மைக் கல்லால் எறிந்தோருக்காக வேண்டியபடியே ஸ்தேவான் உயிர்துறந்ததைத் திருத்தூதர் பணிகள் (7:60) குறிப்பிடுகிறது.

திருச்சபை வரலாற்றில்

தொடக்கக் காலக் கிறித்தவ நூலான திதாக்கே, துன்புறுத்துவோருக்காக நோன்பிருக்குமாறு கூறுகிறது. அகுஸ்தீன் பிறரைக் காக்கும் பொருட்டு நடத்தும் போரை ஏற்றுக்கொண்டாலும், உள்ளத்தில் வெறுப்பு கூடாது என்றார். பகைவரை அவரது பகைமைக்காக அன்றி, மனிதர் என்பதற்காகவே அன்பு செய்ய வேண்டும் என்று 13 ஆம் நூற்றாண்டில் தாமசு அக்குவைனாசு வேறுபடுத்திக் காட்டினார். 16 ஆம் நூற்றாண்டில் தோன்றிய மறுதிருமுழுக்கு இயக்கத்தினருள் பலர் ஆயுதம் ஏந்துவதையே மறுத்தனர்.

அவ்வியக்கத்தைச் சேர்ந்த டிர்க் வில்லெம்சு நெதர்லாந்தின் ஆசுப்பெரென் ஊரில் சிறையிலிருந்து தப்பி, உறைந்த நீர்நிலையைக் கடந்து ஓடினார். அவரைத் துரத்தி வந்த காவலர் பனிக்கட்டி உடைந்து நீரில் விழவே, வில்லெம்சு திரும்பிச் சென்று அவரைக் காப்பாற்றினார். அதனால் மீண்டும் பிடிபட்டு, 1569 மே 16 அன்று எரித்துக் கொல்லப்பட்டார்.

அன்பும் நீதியும்

பகைவரை அன்பு செய்வது அநீதிக்குப் பணிந்துபோவதாகும் என்பது இப்படிப்பினைமீது கூறப்படும் முக்கியக் குறையாகும். வால்ட்டர் விங்க் (1935–2012) என்னும் அமெரிக்க இறையியலாளர் இதனை மறுத்தார். வலக் கன்னத்தில் அறைவது புறங்கையால் அடித்து இழிவுபடுத்தும் செயல்; மறு கன்னத்தைக் காட்டுபவர் அவ்விழிவை ஏற்க மறுக்கிறார் என்பது அவரது விளக்கம்.

மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டின்மீது 1956 சனவரி 30 அன்று குண்டு வீசப்பட்டபோது, ஆயுதங்களுடன் திரண்ட தம் ஆதரவாளரை அவர் அமைதிப்படுத்தித் திருப்பியனுப்பினார். ஆயினும் பேருந்துகளில் நிலவிய இனப்பாகுபாட்டிற்கு எதிரான புறக்கணிப்பை அவர் கைவிடவில்லை. மறுபுறம், பகைவரிடம் அன்பு குறித்து 1937 இல் விரிவாக எழுதிய செருமானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர், பின்னர் இட்லருக்கு எதிரான சதியில் பங்குகொண்டு 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். இவ்விரு நிலைகளும் எவ்வாறு பொருந்தும் என்பது இன்றும் ஆய்வுக்குரியதாக உள்ளது.

மன்னிப்பும் சட்டத்தின் தண்டனையும் வெவ்வேறானவை என்பது பரவலான கருத்து. 1999 சனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கிரகாம் இசுட்டெயின்சும் அவருடைய இரு மகன்களும் எரித்துக் கொல்லப்பட்டனர். அவருடைய மனைவி கிளாடிசு கொலையாளிகளை மன்னிப்பதாக அறிவித்து, தொழுநோயாளருக்கான பணியைத் தொடர்ந்தார். வழக்கு சட்டப்படி நடந்தது. முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011 இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

இவற்றையும் பார்க்கவும்

மலைப்பொழிவு
நல்ல சமாரியன் உவமை
அறப்போர்