சித்திரையும் பத்தரையும்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் பதினெட்டாவது பிரிவு குடிதண்ணீரைப் பற்றியது. 250 பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையாக இருந்தால், வெயில் காலத்தில் வெறும் தண்ணீர் வைத்தால் போதாது, குளிர்ந்த தண்ணீரே வைக்க வேண்டும் என்றது அது. மணலியில் தொழிற்சங்கம் நடத்தியவர்களுக்கு இது பழகிய பிரிவு. 1969இல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, 1971இல் உர ஆலை, அவற்றைச் சுற்றி ரசாயன ஆலைகள் என்று வளர்ந்த வட்டாரம் அது. அந்தத் தொழில் வட்டாரத்தை நம்பி மனை பிரித்து உருவான ஊர்தான் மணலி புதுநகர். ஆலைக்குள் இருக்கும்வரை அந்த ஊர்க்காரருக்குக் குடிதண்ணீர் சட்டப்படியான உரிமை. அதே ஆள் கட்சித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வேனில் ஏறி, சித்திரை மாதத்து மதியத்தில் ஏதோ ஒரு பொட்டல் மைதானத்தில் ஆயிரக்கணக்கானவர்களோடு உட்கார்ந்தால், தண்ணீர் பாக்கெட் அவர் வரிசைவரை வருமா வராதா என்பது ஏற்பாடு செய்தவர்களின் மனசைப் பொறுத்தது.

இந்தப் பகல் கூட்டம் பழைய வழக்கம் இல்லை. தமிழ்நாட்டில் அரசியல் கூட்டம் என்பது அடிப்படையில் மாலையிலும் இரவிலும் நடக்கிற காரியமாகவே இருந்தது. பகலுக்கு அது இழுத்து வரப்பட்டது பின்னால்தான்.

1907 மே மாதம் வங்காளத்திலிருந்து விபின் சந்திர பாலர் சென்னைக்கு வந்து சுதேசியத்தைப் பற்றித் தொடர்ந்து பேசினார். அவரை வரவழைப்பதில் முன்னின்றவர் பாரதி. கத்திரி வெயிலை ஒட்டிய நாட்கள். ஆனால் பேச்சு நடந்த இடம் திருவல்லிக்கேணிக் கடற்கரை. இடத்தேர்வில் அரசியல் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு வானிலையும் இருந்தது. சென்னையின் கோடைக்கு மருந்து கடற்காற்று ஒன்றுதான். வழக்கமாக நண்பகல் வாக்கில் அது கரையேறிவிடும். மேற்கிலிருந்து தரைக்காற்று வலுத்து அடிக்கும் மே, ஜூன் நாட்களில் கடற்காற்று தாமதப்படும்; அன்றுதான் பாதரசம் 40ஐத் தாண்டும். 2003 மே கடைசியில் 45 டிகிரியைத் தொட்டதும் அப்படிப்பட்ட நாட்களில்தான். ஆனாலும் பொழுது சாயும்போது மணலில் உட்கார முடியும். மைக் இல்லாத காலத்தில் தொண்டையை நம்பிப் பேசியவர்களுக்கும், கூரை இல்லாமல் கேட்டவர்களுக்கும் கடற்கரைதான் மண்டபம்.

வடசென்னையில் கூட்டத்தின் நேரத்தைக் குறித்தது ஆலைச் சங்கு. 1918 மார்ச் 2, ஒரு சனிக்கிழமை. பெரம்பூர் பக்கம் ஜங்கராமாயம்மாள் தோட்டத்தில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் திரண்டார்கள். பேச வந்தவர் திரு.வி.க. ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதன் தலைவர் பி.பி. வாடியா. அவர் ஆங்கிலத்தில் பேசுவார், திரு.வி.க. தமிழில் சொல்வார். தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று, சாப்பாட்டுக்கு விடும் இடைவேளை போதவில்லை என்பது. சோற்றை அள்ளி வாயில் போட்டுவிட்டு ஓடவே நேரம் காணாத ஆளைப் பகலில் எங்கே கூட்டம் என்று அழைப்பது? வேலை விட்ட பிறகு, முகம் கழுவிய பிறகுதான் சங்கமும் அரசியலும். கேட்க வருகிறவனின் கடிகாரத்துக்குப் பேச வருகிறவர் தன் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

1923 மே 1 அன்று இந்தியாவின் முதல் மே தினத்தைச் சிங்காரவேலர் சென்னையில் கொண்டாடினார். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு கூட்டம், திருவல்லிக்கேணியில் ஒரு கூட்டம். இரண்டுமே கடற்கரையில்.

பிறகு ராயபுரம். 1949 செப்டம்பர் 18 அன்று ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்தது. நனைந்துகொண்டே நின்ற கூட்டத்தைப் பற்றி அந்தக் கட்சி இன்றுவரை பெருமையாகப் பேசுகிறது, பேசத் தகுந்ததுதான். ஒன்றைக் கவனிக்கலாம்: மழையில் நின்றவர்களைக் கட்சிகள் தங்கள் வரலாற்றில் எழுதிக்கொள்கின்றன. வெயிலில் விழுந்தவர்களுக்கு மறுநாள் நாளிதழின் ஒரு பத்திச் செய்திதான். நனைந்தவர் வீட்டுக்குப் போய்த் துவட்டிக்கொள்ளலாம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அண்ணாவின் காலத்தில் கூட்டம் இன்னும் பின்னிரவுக்கு நகர்ந்தது. ஓர் ஊரில் முடித்து அடுத்த ஊருக்குக் காரில் வந்து சேரும்போது நள்ளிரவை நெருங்கியிருக்கும். சித்திரை, பத்தரை, நித்திரை, முத்திரை என்று நாலு சொல்லை அடுக்கி, தூங்கி விழும் கூட்டத்திடம் அவர் ஓட்டுக் கேட்டதாகச் சொல்லப்படும் கதையை அறியாத தமிழர் குறைவு. கதையில் ஒரு வேடிக்கை உண்டு. அண்ணா தன் கட்சியோடு சந்தித்த பொதுத்தேர்தல்கள் மூன்று: 1957 மார்ச், 1962 பிப்ரவரி, 1967 பிப்ரவரி. மூன்றுமே பங்குனிக்குள் முடிந்துவிட்டவை. சித்திரையில் பொதுத்தேர்தல் பிரசாரம் செய்ய அவருக்கு வாய்க்கவே இல்லை. எதுகைக்கு வந்த சித்திரை பின்னால் உண்மையாகிப் போனது.

எப்படி உண்மையானது என்பதில் டெல்லிக்குப் பெரும் பங்கு உண்டு. 1952 முதல் 1971 வரை சட்டமன்றத் தேர்தல்கள் ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்குள் நடந்தன. 1976 ஜனவரி 31 அன்று கருணாநிதி அரசு கலைக்கப்பட்டதும் அந்த ஒழுங்கு குலைந்தது. அடுத்த தேர்தல் 1977 ஜூனில். 1980 பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். அரசு கலைப்பு, மே மாதம் தேர்தல். 1984 டிசம்பரும் 1989 ஜனவரியும் கொஞ்சம் குளிர்ச்சி தந்தன. 1991 ஜனவரி 30 அன்று மறுபடி ஒரு கலைப்பு. ஜூன் 15 அன்று வாக்குப்பதிவு. அன்றிலிருந்து ஐந்தைந்து ஆண்டாகக் கூட்டிக்கொண்டு போனால் 1996, 2001, 2006, 2011, 2016, 2021 எல்லாமே ஏப்ரல், மே மாதங்களில்தான் வந்து விழுகின்றன. மக்களவைக்கும் இதே கதிதான். 2004 இலையுதிர் காலத்தில் நடந்திருக்க வேண்டிய தேர்தலை வாஜ்பாய் அரசு முன்னால் இழுத்தது. தமிழ்நாடு மே 10 அன்று வாக்களித்தது. அன்று தொடங்கி 2009, 2014, 2019, 2024 வரை மாற்றமே இல்லை. அரசியல் சட்டத்தின் 356ஆவது பிரிவைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அது தமிழ்நாட்டுத் தேர்தலை அக்கினி நட்சத்திரத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

மாதம் மாறியது ஒரு பக்கம். நேரமும் மாறியது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்றன. 2005இல் உச்ச நீதிமன்றம் அதை அழுத்தமாகச் சொன்னது. தேர்தல் ஆணையம் தன் நடத்தை விதிகளோடு சேர்த்துக் கண்டிப்பாக அமல்படுத்துகிறது. பேச்சின் நடுவில் பத்து மணி அடித்துவிட, தலைவர்கள் மைக்கை வைத்துவிட்டுக் கைகூப்பிக்கொண்டே ஊரைக் கடக்கும் காட்சி இப்போது சாதாரணம். பத்தரை மணிக் கூட்டத்துக்கு இன்று அண்ணாவே வந்தாலும் அனுமதி கிடையாது. நோயாளிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் இது நல்ல விதி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாளின் குளிர்ந்த பாதி கைவிட்டுப் போனதும் உண்மை. போதாக்குறைக்கு 2003இல் மெரினாவின் சீரணி அரங்கம் இரவோடிரவாக இடிக்கப்பட்டது. காற்று வரும் இடமும் போயிற்று.

மூன்றாவது காரணம் ஹெலிகாப்டர். ஊருக்கு வெளியே அவசரமாகப் போட்ட இறங்குதளத்தில் பொழுது சாய்ந்தபின் இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது. இருட்டுவதற்குள் திரும்ப வேண்டுமானால் பகலில்தான் பேச வேண்டும். 2016இல் நடந்தது இதுதான். ஏப்ரல் 9 அன்று சென்னைத் தீவுத்திடலில் ஜெயலலிதா பிரசாரத்தைத் தொடங்கினார். 11ஆம் தேதி விருத்தாசலத்தில் கூட்டம். முற்பகலிலிருந்தே ஆட்கள் இறக்கப்பட்டிருந்தார்கள். இரண்டு பேர் இறந்தார்கள். 20ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மேலும் இரண்டு பேர். மேடையில் தலைவியைச் சுற்றிக் குளிரூட்டும் பெட்டிகள் வரிசையாக நின்ற படம் நாடெங்கும் சுற்றியது. எதிர்க்கட்சிகள் கொதித்தன. ஆனால் கீழே உட்கார்ந்தவர்களுக்கு நிழல் என்பதை அவற்றில் எதுவும் தன் கூட்டங்களில் கட்டாய விதியாக வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

விருத்தாசலமும் சேலமும் உள்நாட்டு வெயில். அங்கே பாதரசமே எச்சரித்துவிடும். எண்ணூர், திருவொற்றியூர், மணலி வெயில் வேறு தினுசு. கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கழிமுகமும் சூழ்ந்த ஈரக்காற்று, டி.பி.பி. சாலையில் வரிசைகட்டும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி. இங்கே 36, 37 டிகிரியே ஆளைச் சாய்க்கப் போதும். வியர்வை வருவதால் உடம்பு குளிர்வதில்லை. வந்த வியர்வை காய்வதால்தான் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது காயாது, சட்டை மட்டும் நனையும். உள்ளுடம்பின் சூடு 40ஐத் தொட்டால் மூளை தடுமாறத் தொடங்கும். இதனால்தான் வானிலை ஆய்வு மையம் வெப்ப அலைக்குச் சமவெளியில் 40 டிகிரியையும் கடலோரத்தில் 37ஐயும் வாசலாக வைத்திருக்கிறது.

கடலோரத்தின் இந்தக் கள்ளத்தனம் 2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பையின் கார்கரில் தெரிந்தது. மராட்டிய அரசின் விருது விழா, திறந்த மைதானம், உச்சி வெயில். 14 பேர் இறந்தார்கள். கோடைதான் கொல்லும் என்ற நினைப்பைச் சென்னை 2024 அக்டோபர் 6 அன்று கைவிட்டது. மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி, பகல் பதினொன்றிலிருந்து ஒரு மணிவரை. ஐந்து பேர் உயிரிழந்தார்கள். தண்ணீருக்கும் வீடு திரும்பும் ரயிலுக்கும் அடிபட்ட கூட்டத்தில் வடசென்னைக்காரர்களும் ஏராளம். அதே மாதக் கடைசியில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தது.

வெயிலைவிடக் கொடியது காத்திருப்பு. கூட்டம் எத்தனை மணிக்கு என்பதைவிட எத்தனை மணிக்கு ஆள் இறக்கப்பட்டது என்பதுதான் கணக்கு. 2025 ஆகஸ்ட் 21 அன்று மதுரை பாரப்பத்தியில் தமிழக வெற்றிக் கழக மாநாடு. மாலைக் கூட்டத்துக்குக் காலையிலேயே வந்தவர்கள், தரையில் விரித்திருந்த விரிப்பைக் கிழித்துத் தலைக்கு மேல் பிடித்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியைக் குடையாக்கினார்கள். அடுத்த மாதம் 27ஆம் தேதி கரூர் வேலுச்சாமிபுரத்தில் அதே கட்சியின் கூட்டத்தில் நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். மதியம் எதிர்பார்க்கப்பட்ட கட்சித் தலைவர் விஜய் இரவு ஏழு மணிக்கு மேல் வந்து சேர்ந்தார் என்றும், முற்பகலிலிருந்து நின்றவர்களுக்குப் போதிய சோறும் தண்ணீரும் இல்லை என்றும் காவல்துறை சொன்னது. யார் பொறுப்பு என்ற விசாரணையை உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. நெரிசலுக்கு ஆயிரம் காரணம் இருக்கட்டும். எட்டு மணி நேரம் நின்று காய்ந்த கால்களுக்குத் தள்ளுமுள்ளைத் தாங்கும் பலம் இருக்காது என்பதற்கு விசாரணை தேவையில்லை.

பகல் கூட்டம் இன்னொன்றையும் மாற்றியிருக்கிறது. மணலி ஆலையில் ஏ ஷிப்டுக்காரர் காலை ஆறுக்குப் போனால் இரண்டு மணிக்கு வெளியே வருவார். பி ஷிப்டுக்காரர் அப்போதுதான் உள்ளே போவார். ஒரு மணிக் கூட்டத்துக்கு இருவரும் இல்லை. வாடியா பேச்சைக் கேட்க வந்தவரைப் போன்ற ஆள், வேலை முடித்துத் தானாக வருகிற ஆள், இந்தக் கணக்கில் விழுவதே இல்லை. வேனை நிரப்ப மிச்சம் இருப்பவர்கள் வீட்டிலிருக்கும் பெண்கள், முதியவர்கள், அன்றைக்குக் கூலி கிடைக்காதவர்கள். தலைக்கு இவ்வளவு என்று பேசி, பிரியாணிப் பொட்டலத்தையும் சில இடங்களில் குவார்ட்டரையும் சேர்த்துக் கொடுத்துக் கூட்டிப் போவது ஊரறிந்த விஷயம். சாராயம் உடம்பிலிருக்கும் நீரை வெளியேற்றும் என்பது கொடுப்பவருக்குத் தெரியாவிட்டாலும் குடித்தவரின் சிறுநீரகத்துக்குத் தெரியும். வெயிலைத் தாங்கும் வலு குறைந்தவர்களை உச்சி வெயிலில் உட்கார வைக்கும் ஏற்பாடு இது. நடுவில் எழுந்து போனால் திரும்பும் வேன் எங்கே நிற்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

கட்சிகளுக்குத் தண்ணீர் தரத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. சித்திரை பிறந்தால் திருவொற்றியூரிலும் மணலியிலும் முக்குக்கு முக்கு நீர்மோர்ப் பந்தல் முளைக்கும். தர்பூசணியும் வெள்ளரியும் உண்டு. பானையைவிடப் பெரிதாகத் தலைவர் படமும் உண்டு. இந்தப் படத்தைக் கேலி செய்வதற்கு முன்னால் திங்களூர் அப்பூதியடிகளை நினைத்துக்கொள்ள வேண்டும். கண்ணால் பார்த்திராத திருநாவுக்கரசரின் பெயரைத் தன் பிள்ளைகளுக்கு வைத்ததோடு நில்லாமல், தான் அமைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் வைத்தவர் அவர். பெரியபுராணம் சொல்லும் கதை. தலைவர் பெயரில் தாகம் தீர்ப்பது தமிழனுக்குப் புதிதல்ல. தெருமுனையில் வழிப்போக்கருக்குக் கிடைக்கும் அந்த மோர், தலைவரே நேரில் வரும் மைதானத்தின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேராததுதான் விசித்திரம்.

தீர்வுகள் பெரிய ரகசியமில்லை. வட்டச் செயலாளர் நடத்தும் தெருமுனைக் கூட்டம் இன்றும் ஆறரை மணிக்கு மேல்தான் தொடங்குகிறது. ஒன்பதே முக்காலுக்கு நன்றியுரை. ஹெலிகாப்டர் இல்லாத பேச்சாளருக்கு அந்த மூன்று மணி நேரம் தாராளம். காரிலும் வேனிலும் மாலை நான்கு முதல் பத்து வரை ஊர் ஊராகப் போகும் பிரசாரமும் பெருகியிருக்கிறது. ஆனால் பெருங்கூட்டம், அதாவது தொலைக்காட்சியில் கடல்போலக் காட்ட வேண்டிய கூட்டம், இன்னும் சூரிய வெளிச்சத்தையே கேட்கிறது. தேர்தல் மாதமும் அப்படியே இருக்கிறது. நடுவில் எந்த அவையும் கலையாவிட்டால் அடுத்த மக்களவைத் தேர்தல் 2029 ஏப்ரல், மே. அதற்கடுத்த சட்டமன்றத் தேர்தல் 2031 ஏப்ரல், மே.